அடைமழை நாளும் இல்லத்துச் சிறாரும்

வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் முடிய நம் கீழைக் கடற்கரையோரத்தில் பொழியும் மழை, ஏரிகட்கு நிறைவும் உழவர்க்கு உவகையும் அளிப்பதாயினும், சிறு குழந்தைகளையுடைய இல்லங்கட்கு ஒரு சோதனையே ஆகும். பள்ளிகட்கு விடுமுறை என்னுஞ் செய்தி காலையில் வந்தவுடன் ஆரவாரிக்கும் சிறுவர், உச்சிப்பொழுதிற்குள் ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்குகின்றனர். வெளியே செல்ல வழியில்லை. கூடத்திலோ உலராத துணிகள் தொங்குகின்றன. அன்னை அடுக்களையை விட்டு அகல இயலாள். இந்நிலையிற் கைப்பேசியை அவர் கையிற் கொடுத்து அமைதி பெறுவது எளிது. அதனை முற்றும் பகைப்பது எம் கருத்தன்று. எனினும், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமர்ந்திருத்தல் தகாதென உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. மழை நாளோ பன்னிரண்டு மணி நேரம் நீள்வது!

அஃதன்றி, பெருமழையில் மின்சாரமும் நின்றுவிடும். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதலிரு நாட்களில் தாம்பரத்தில் ஒரே நாளளவில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்து சென்னையும் அதன் சூழலும் வெள்ளத்துள் ஆழ்ந்தபோது, பல பகுதிகளில் நாட்கணக்கில் விளக்கெரியவில்லை. அத்தகைய பொழுதிற்கு உதவுவன, நம் முன்னோர் பரணில் வைத்துச் சென்ற ஆட்டங்களே. அவற்றுள் ஒன்றையேனும் சற்று விரித்துக் கூறுவாம்.

பல்லாங்குழிப் பலகையில் இருமருங்கும் ஏழேழாகப் பதினான்கு குழிகள் உள. பலகையில்லாதார் தரையிற் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் வரைந்துகொள்ளலாம். முத்துக்களாகப் புளியங்கொட்டையே போதும். ஊர்தோறும் முறை வேறுபடுமாயினும், குழிக்கு ஐந்தாக 70 முத்துக்கள் இட்டு ஆடுவது ஒரு முறை. ஆடுவோர் தம் பக்கத்துக் குழியொன்றினை வெறுமையாக்கி, அம்முத்துக்களை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வர். கை வெறுமையானதும் அடுத்த குழியிலுள்ளவற்றை எடுத்து மேலும் இடுவர். அடுத்த குழி வெறுமையாயின் அதனைத் துடைத்து, அதற்கப்பாலுள்ள குழியின் முத்துக்களைத் தமதாக்கிக்கொள்வர். பின்னர் ஆட்டம் எதிராளியைச் சாரும். ஆட்டத்தினிடையே ஒரு குழியில் நான்கு முத்துக்கள் சேரின் அது ‘பசு’ எனப்படும். அதனைக் குழிக்குரியவர் எடுத்துக்கொள்வர்.

இவ்வாட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வியப்பு மறைந்து கிடக்கின்றது. முதலில் ஆடுஞ் சிறுவன் எக்குழியை எடுப்பதென நெடிது சிந்திப்பான். ஆனால், மேற்கூறிய முறைப்படி எக்குழியிலிருந்து தொடங்கினும் அவனுக்கு முதலிற் கிடைப்பவை 7 முத்துக்களே, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஐயுறுவோர் பதினான்கு குழிகளிலும் தொடங்கிப் பார்க்கலாம்; மழை நாளில் அதற்கு வேண்டிய பொழுது உண்டன்றோ? காரணம் யாதெனின், குழிகள் இரு வரிசையாகத் தோன்றினும் உண்மையில் ஒரு வட்டமே. எல்லாவற்றிலும் ஐந்தைந்து இருக்கும்போது வட்டத்தில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. எட்டு வயதுச் சிறுமி இதனைத் தானே கண்டு கூவுவாளாயின், அவள் கணக்கின் உள்ளறை ஒன்றனுள் நுழைந்துவிட்டாள் என்க. விடையை நாம் முந்திக் கூறிக் கெடுத்தலாகாது.

தோற்றவர் நிலையும் நோக்கத்தக்கது. அடுத்த சுற்றில் அவர் தம்மிடம் எஞ்சிய முத்துக்களைக் கொண்டு எத்தனை குழிகளை நிரப்ப இயலுமோ அத்தனையே நிரப்பி ஆடவேண்டும். 17 முத்துக்கள் உடையவர்க்கு மூன்று குழிகளும் கையில் இரண்டும் என்பதைக் குழந்தை வகுத்தல் வாய்பாடு கல்லாமலே அறிந்துகொள்கின்றது. தோல்வியைத் தாங்கவும் பழகுகின்றது. அது சிறிது கண்ணீரோடுதான் நிகழும்.

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். இங்கு இளையவனுக்குப் புலியையும் மூத்தவனுக்கு ஆடுகளையும் கொடுத்தல் நன்று. தாவி வெட்டுவது எளிது, சூழ்ந்து அடைப்பது அரிது. தாயம் பலரும் அறிந்ததே. கழங்காட்டம் சங்கச் செய்யுட்களிலேயே இடம்பெற்ற தொன்மையுடையது. கையின் விரைவுக்கு அதனை மிஞ்சுவது அரிது. ஆனால் இவை யாவும் ஏட்டைப் பார்த்துக் கற்கத்தக்கன அல்ல. அருகமர்ந்து, “இப்படியன்று, இங்கே வை” என்று விரலைப் பிடித்துக் காட்டுவார் ஒருவர் வேண்டும். பாட்டியார் பலர் மறைந்துவரும் இக்காலத்தில், விடுமுறைக்கு இல்லஞ் செல்லும் கல்லூரி மாணவரே அவ்விடத்தை நிரப்பவேண்டியவர். தம்பி தங்கையர்க்கு வேண்டுவது பலகையினும் எதிரே அமரும் ஆள் என்பதே எம் துணிபு.

இங்கு ஓர் எச்சரிக்கை. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை முத்துக்களை வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளும். அவர்க்கு இரண்டு கிண்ணமும் ஓர் அகப்பையும் போதும். குன்றிமணியை எவ்வயதினர்க்கும் கொடுத்தலாகாது. கடித்து விழுங்கின் அது கொடிய நஞ்சாகும். காகிதக் கப்பலையும் முற்றத்து நீரில் விடுக. தெருவெள்ளத்திற் சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் பரவுவதும் அதனால்தான். அறுந்த மின்கம்பியும் அதில் மறைந்து கிடக்கலாம்.

இடிக்கு அஞ்சும் குழந்தையை மடியிலிருத்தி, மின்னல் தோன்றியது முதல் இடியோசை கேட்கும் வரை விநாடிகளை எண்ணச் செய்க. மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. ஒன்பது எண்ணியவன், இடி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என அறிந்து நிமிர்ந்து அமர்வான். எண்ணும் வேலை கிடைத்தபின் அச்சத்திற்கு நேரமேது?

மழை ஓய்ந்த இடைவேளையில் வாயும் அடியும் ஒரே அகலமுடைய தகரக் குவளையொன்றை மரநிழல் படாத மாடியில் வைத்து, மறுநாட்காலை அடிக்கோலால் நீரின் ஆழத்தை அளக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். ஐம்பது சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர். அஃது எத்தனை குடம் என்று அன்னையைக் கேட்கட்டும். தாம் அளந்த அளவையும் நாளிதழில் வந்த அளவையும் ஒப்பிடும்போது இரண்டும் பெரும்பாலும் வேறுபடும். அதனாற் குழந்தை தவறிவிட்டதென எண்ணவேண்டா. நுங்கம்பாக்கத்திற் பெய்யும் மழையே மீனம்பாக்கத்திற் பெய்வதில்லை.