அலை நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது

ரிஷிகேஷுக்குக் குடும்பத்தோடு கிளம்பவிருக்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ஆறே ராஃப்டை இழுத்துக்கொண்டு போகிறது. அப்படியிருக்க, நுரையின் நடுவே கைடு எதற்காக ‘ஃபார்வர்ட், ஃபார்வர்ட்’ என்று கத்தி எல்லோரையும் துடுப்புப் போடச் சொல்கிறார்? அடுத்தது, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ‘கிரேடு 4’ என்று போட்டிருக்கிறார்களே, அது ஆபத்தின் அளவா? இரண்டாவதற்குப் பதில் சின்னது, பிறகு வருவோம். முதல் கேள்விதான் ருசியானது. அதைத் துருவினால், ‘சீறும் கங்கையை அடக்க வாருங்கள்’ வகை விளம்பரங்கள் ஆற்றைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய தலைகீழ் என்று தெரியவரும். வெள்ளை நுரை பொங்கும் அந்த இடம் வெறிபிடித்துத் திரியும் இடமே அல்ல. ஆற்றில் நீர்வரவு இன்ன அளவு என்று தெரிந்தால், எந்த அலை எங்கே, எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று நேற்றைக்கே சொல்லிவிடலாம். கைடுகளின் பிழைப்பே அதை நம்பித்தான் நடக்கிறது.

பயணம் எப்படிப் போகும் என்பதை முதலில் முடித்துக்கொள்ளலாம். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கை என்று பெயரெடுத்த பிறகு, ரிஷிகேஷ் வரையுள்ள மலைப் பள்ளத்தாக்கில்தான் ராஃப்டிங் நடக்கிறது. கௌடியாலாவில் ஏறினால் சுமார் 36 கிலோமீட்டர், மரைன் டிரைவில் 24, சிவ்புரியில் 16, பிரம்மபுரியில் 9. முதல்முறை வருபவர்களில் பெரும்பாலோர் சிவ்புரியில்தான் ஏறுகிறார்கள். ஜீப்பின் கூரையில் ராஃப்டைக் கட்டி மேலே கொண்டுபோவார்கள். லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்குவார்கள், ஹெல்மெட் மாட்டுவார்கள், கரையில் நிற்கவைத்து நான்கைந்து கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். 14 அல்லது 16 அடி நீளமுள்ள காற்றடைத்த ராஃப்டில் ஆறு முதல் எட்டுப் பேர், பின்முனையில் கைடு. வழியில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் என்று வரிசையாக ரேபிட்கள், அதாவது நுரை பொங்கும் அந்த இடங்கள். பெயர்களைக் கேட்டால் கங்கையில் இருக்கிறோம் என்ற நினைப்பே வராது. இந்த ரேபிட்களில் கழியும் நேரத்தை மொத்தமாகக் கூட்டினாலும் சில நிமிடங்கள்தான் தேறும். மீதியெல்லாம் அடங்கி ஓடும் தண்ணீர். ராஃப்டின் கயிற்றைப் பிடித்தபடி ஆற்றில் இறங்கி மிதக்கலாம், இடையில் கரையேறி மேகி சாப்பிடலாம். வீடியோக்காரர் காசு வாங்கிக்கொண்டு தருவது அந்தச் சில நிமிடங்களை மட்டும். அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பயணம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

ரேபிட்டின் அலைக்கும் கடலலைக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. கடலில் அலையின் வடிவம் கரையை நோக்கி நகர்கிறது. தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ரேபிட்டில் வடிவம் அசையாமல் நிற்கிறது, தண்ணீர் அதற்குள் புகுந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. அலை ஆற்றை எதிர்த்து மேல்நோக்கிப் போக முயல்கிறது. ஆறு அதே வேகத்தில் அதைக் கீழே தள்ளுகிறது. இரண்டும் சமமாகிற இடத்தில் அலை நின்றுபோகிறது. எந்த நீளமுள்ள அலைக்கு இந்தச் சமநிலை அமையும் என்பதும் கணக்குக்குள் வருவதுதான். ஆழம் போதுமானதாக இருந்தால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 6 மீட்டர், 4 மீட்டர் வேகமென்றால் சுமார் 10 மீட்டர். 14 அடி ராஃப்டின் நீளம் நாலேகால் மீட்டர். அதாவது மூக்கு முகட்டில் ஏறும்போது வால் பள்ளத்தில் கிடக்கும். வயிற்றைக் கலக்கும் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆற்றின் கோபம் காரணமல்ல, இந்த இரண்டு நீளங்களின் பொருத்தம்தான் காரணம். அலையைப் பிறப்பித்த பாறையும் சரிவும் இடம் மாறாதவரை அலையும் மாறாது. பாறைகளுக்கு இடையே ஆழமான வழி இருந்தால் மேல்மட்டத்தில் வழுவழுப்பான நீர்நாக்கு ஒன்று தெரியும், அதன் கூர்முனை ஆறு ஓடும் திசையில் இருக்கும். கூர்முனை எதிர்த்திசையில் இருந்தால் அங்கே பாறை பதுங்கியிருக்கிறது என்று பொருள். கைடு ஆற்றை வாசிக்கிறார் என்பது இதைத்தான்.

அலைகளைவிடச் சுவையான பொருள் ஒன்று இருக்கிறது. கைடுகள் ‘ஹோல்’ என்பார்கள். பொறியாளர்கள் ஹைட்ராலிக் ஜம்ப் என்பார்கள். இங்கே நீர்த்தாவல் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கக் கங்கைக்குப் போகவேண்டாம், சமையலறைத் தொட்டி போதும். குழாயைத் திறந்தால் நீர்த்தாரை அடியில் மோதி, கண்ணாடித் தகடாக மெலிந்து, நாலாபுறமும் வேகமாகப் பரவும். சிறிது தூரத்தில் சட்டென்று ஒரு வளையம். அதற்கு வெளியே தண்ணீர் தடித்து, மந்தமாகிவிடும். வளையத்துக்கு உள்ளே தண்ணீரின் வேகம் சிற்றலையின் வேகத்தைவிட அதிகம், வெளியே குறைவு. உள்ளே விரலை வைத்தால் சலனம் கீழ்ப்புறம் மட்டும் விரிகிறது. மேல்புறத்துக்குச் சேதியே போவதில்லை. குழாயை இன்னும் திறந்தால் வளையம் விரியும்: பனி உருகி ஆற்றில் வரவு கூடுவது இதுதான். ஒரு கரண்டியைக் கவிழ்த்து வைத்தால் பாறை தயார். தண்ணீர் அதன் முதுகில் ஏறிச் சரிந்து பின்னால் தாவும். வடிகால் அடைத்துக்கொண்டு தொட்டியில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் வளையம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் மூழ்கியே போய்விடும். வெள்ளம் கூடும்போது சில ரேபிட்கள் இருந்த சுவடே தெரியாமல் மறைந்துபோவதற்கும் காரணம் அதுவே. பாத்திரம் தேய்ப்பவர் தினமும் இத்தனையையும் பார்த்துவிடுகிறார், சான்றிதழ்தான் கிடைப்பதில்லை.

தொட்டி வேறு, ஆறு வேறு என்று யாராவது மறுத்தால் அந்த மறுப்பில் நியாயம் உண்டு. கேம்பிரிட்ஜில் ராஜேஷ் பகத்தும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, தொட்டி வளையத்தை உண்டாக்குவது புவியீர்ப்பல்ல, பரப்பு இழுவிசைதான் என்று வாதிட்டது. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டுவிடவும் இல்லை. மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்ணீரில் பரப்பு இழுவிசை ஆட்சி செய்யலாம். மீட்டர் கணக்கில் ஆழமுள்ள ஆற்றில் அதற்கு வேலையே இல்லை. அங்கே எல்லாம் ஈர்ப்புதான். ஆகவே காரணத்தில் ஒப்புமை உடைகிறது. நீரின் வேகம் அலையின் வேகத்தை முந்துகிறதா, பின்தங்குகிறதா என்ற கணக்கில் மட்டும் உடையவில்லை. நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இனி ஆற்றின் அளவில் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழத்தில் நீண்ட அலை போகக்கூடிய வேகம் நொடிக்கு 3.1 மீட்டர், மணிக்கு 11 கிலோமீட்டர். மூழ்கிய பாறையின் முதுகில் தண்ணீர் அரை மீட்டராக மெலிந்தால் அலையின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராகக் குறைகிறது. தண்ணீரோ சரிவில் வேகம் கூடுகிறது. பாறைக்குப் பின்னால் ஆழமான, மந்தமான நீர் காத்திருக்கிறது என்ற சேதி வேகமாக வரும் நீருக்கு முன்கூட்டியே எட்ட வழியில்லை. மோதித்தான் தெரிந்துகொள்கிறது. மோதிய இடத்தில் மேலடுக்கு எகிறி, காற்றை விழுங்கி, நுரைத்து, ஓட்டத்துக்கு எதிராகவே திரும்பி விழுகிறது. கீழடுக்கு பச்சை நிறத்தில், நுரையில்லாமல், அடியில் நுழைந்து தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் மேலே பின்னோட்டம், கீழே முன்னோட்டம். கைடின் கத்தலுக்கு விடை இங்கே இருக்கிறது. ராஃப்ட் மேலடுக்கில் மிதக்கிறது. சும்மா இருந்தால் நுரை அதைப் பின்னுக்குத் தள்ளிப் பாறையடியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்த்தும் விடும். ஆள்களோடு சேர்த்து அரை டன்னுக்கு மேல் எடையுள்ள ராஃப்ட் வேகமாக வந்தால் அதன் உந்தம் பாதி தூரம் தாண்டவைக்கும். மீதியைத் துடுப்பு பார்த்துக்கொள்ளும்: அதன் அலகு நுரையைத் துளைத்துக் கீழடுக்கைப் பற்றினால், பச்சைத் தண்ணீரே ராஃப்டை வெளியே இழுத்துப் போட்டுவிடும். நுரையின் மேல்தோலை மட்டும் துடுப்பால் தடவுகிறவர், காற்றைத்தான் வலித்துக்கொண்டிருக்கிறார்.

நுரைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் பாதி காற்று என்றால் அடர்த்தியும் பாதி, மிதக்கவைக்கும் விசையும் பாதி. 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 35 கிலோ தாங்கல் ஒரே நொடியில் காணாமல் போகிறது. வழக்கமான லைஃப் ஜாக்கெட் ஈடுகட்டுவது ஏழு கிலோ சுமாருக்கு, அதுவும் நுரையில் பாதியாகிவிடும். ஆகவே ஹோலில் விழுந்தவர் ஜாக்கெட் போட்டிருந்தும் அமிழ்கிறார். பயப்பட வைக்கும் கணக்குதான், ஆனால் அமிழ்பவரை முன்னோட்டமுள்ள கீழடுக்கு வாங்கிக்கொள்கிறது, நுரையைத் தாண்டிய இடத்தில் ஜாக்கெட் தன் வேலையைச் செய்கிறது. சாதாரண ஹோல்களில் விழுந்தவர்கள் சில நொடிகளில் கீழே தலைகாட்டுவது இப்படித்தான். ராஃப்டுக்குள் கொட்டும் தண்ணீரை யாரும் இறைப்பதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். காற்றடைத்த தரை ஆற்று மட்டத்துக்கு மேல் மிதக்கிறது, விளிம்பில் ஓட்டைகள். உள்ளே வந்தது தானே வெளியேறிவிடும்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காக: நீர்த்தாவலை இத்தாலியரான பிடோனே 1820 வாக்கில் சோதனை செய்து எழுதினார். அலையின் வேகத்தோடு ஒப்பிடும் கணக்குக்குக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃபுரூடின் பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டி வளையத்தைப் பற்றி இயற்பியலாளர் லார்டு ராலே 1914-இல் எழுதினார்.

எல்லாம் இவ்வளவு ஒழுங்கென்றால் ஆள்கள் ஏன் சாகிறார்கள் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அலை நிற்பது நீரின் அளவு மாறாதவரைதான். பாகீரதியின் குறுக்கே 260.5 மீட்டர் உயரத்தில் டெஹ்ரி அணை, அதற்குக் கீழே கோட்டேஷ்வர் அணை. மின்சாரத் தேவையைப் பொறுத்து விடப்படும் நீர் கங்கையின் மட்டத்தை மாற்றுகிறது. மழைக்காலத்தில் கணக்கே தப்பிவிடும் என்பதால்தான் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராஃப்டிங்கை நிறுத்திவைக்கிறார்கள். அடுத்து குளிர்: பனியுருகிய நீரில் திடீரென்று விழுந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும், அந்த மூச்சில் தண்ணீரும் போகலாம். மூன்றாவது, பலரும் நினைத்தே பார்க்காதது, எழுந்து நிற்கும் ஆசை. நீரின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நொடிக்கு 3 மீட்டர் ஓட்டத்தில் இடுப்பளவு நீரில் நிற்பவர் மேல் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையின் தள்ளல் விழும். பாதம் பாறையிடுக்கில் சிக்கியிருக்க, உடலைத் தண்ணீர் மடக்கிப் போட்டால் முழங்கால் ஆழமே போதும். விழுந்தால் மல்லாந்து, கால்களைக் கீழ்நீர் நோக்கி மேலே தூக்கி மிதக்கச் சொல்வது இதனால்தான். கரையில் கைடு சொல்லும் பாடத்தில் இந்த ஒரு வரியைச் செல்ஃபி எடுத்துக்கொண்டு தவறவிடக் கூடாது.

கிரேடு விஷயத்துக்கு வருவோம். சர்வதேச வகைப்பாடு 1 முதல் 6 வரை போகிறது. இது எந்தக் கருவியும் அளந்து சொல்வதல்ல. அந்த ரேபிட்டில் படகைச் செலுத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றிய அனுபவசாலிகளின் கருத்து. நீர் ஏறினால், இறங்கினால் கிரேடும் மாறும். இதே பள்ளத்தாக்கில் பியாசி அருகிலுள்ள ‘தி வால்’ ரேபிட் நான்கு என்று பேர் வாங்கியது. சிவ்புரிக்குக் கீழே பெரும்பாலும் இரண்டும் மூன்றும்தான். விளம்பரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் கூட்டல் குறிக்கு வியாபார மதிப்பு உண்டு, அறிவியல் மதிப்பு குறைவு. கிரேடைவிட, இன்றைக்கு நீர்மட்டம் எப்படி, மீட்பு கயாக் கூட வருகிறதா, ஹெல்மெட் தலைக்குப் பொருந்துகிறதா என்று கேட்பது பயன்தரும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றமாட்டோம் என்று நடத்துபவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சரியாகத்தான் நடத்துகிறார்.

கிரேடு சொல்லாத ஒன்றும் இருக்கிறது: ஹோலின் உருவம். மேலிருந்து பார்க்கும்போது அதன் இரு முனைகளும் கீழ்நீர் நோக்கி வளைந்திருந்தால், சிக்கியவரைத் தண்ணீரே ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். முனைகள் மேல்நீர் நோக்கி வளைந்திருந்தால் திரும்பத் திரும்ப நடுவுக்கே இழுக்கும். இயற்கையான பாறை கோணல்மாணலானது, எங்காவது ஓர் இடைவெளி விட்டிருக்கும். இடைவெளியே இல்லாத ஹோலைக் கட்டுவதற்கு மனிதர்கள் வேண்டும். ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நேர்கோட்டில், ஒரே உயரத்தில் எழுப்பிய தடுப்பணையின் மேல் தண்ணீர் வழியும்போது அடியில் உருவாகும் நீர்த்தாவலுக்கு ஓரமே கிடையாது; பெரிய இரைச்சல் இருக்காது, உயரமும் ஓர் ஆள் அளவுதான் இருக்கும். ரிஷிகேஷில் ஹெல்மெட்டோடு தாண்டும் ஹோலைவிட, நம் ஊர் ஆறுகளில் விடுமுறை நாளில் பிள்ளைகள் குளிக்க இறங்கும் இந்த இடம் அதிகப் பிடிவாதமானது. அணையின் கீழ்முகத்தைப் படிப்படியாகச் சரித்தோ, பெரிய கற்களைக் கொட்டியோ அந்தச் சுழற்சியை உடைக்கலாம். பழைய அணைகளுக்கும் பின்னால் செய்யக்கூடிய வேலைதான் அது.