வீட்டு வாசலில் ஒருநாள் கடை

கோடைக்காலச் சனிக்கிழமை விடிந்ததும் அமெரிக்கப் புறநகர்த் தெருமுனைகளில் அட்டைப் பலகைகள் நிற்கும். ‘கராஜ் சேல்’ என்று எழுதி, கீழே ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் வீட்டில் கார் நிற்கும் இடம் அன்றைக்குக் கடையாகியிருக்கும். பிள்ளைகள் வளர்ந்ததும் ஓரங்கட்டிய சைக்கிள், கல்யாணப் பரிசாக வந்து பிரிக்காமலே கிடந்த காபி மேக்கர், பாட்டி காலத்துப் பீங்கான் தட்டுகள் எல்லாம் விற்பனைக்கு. ஒரு வீட்டில் பத்து மணிக்குள் மேசை காலியாகிறது. அதே மாதிரிச் சாமான்களோடு அடுத்த தெருவில் மாலைவரை ஈ ஓட்டுகிறார்கள். பொருளை வைத்திருக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் வித்தியாசம்.

காரில் போகிறவருக்குப் பலகையைப் படிக்கச் சில விநாடிகளே கிடைக்கும். பளிச்சென்ற அட்டையில் தடித்த கறுப்பு எழுத்தில் நாள், முகவரி, அம்பு இருந்தால் போதும். திருப்பங்கள் எல்லாவற்றிலும் ஒரே நிற அட்டை வைத்தால் வழி குழம்பாது. மின்கம்பத்தில் ஒட்டப் பல ஊர்களில் தடை உண்டு. சில ஊர்களில் விற்பனைக்கே அனுமதி வாங்க வேண்டும். என்னென்ன சாமான் என்ற விவரமும் படங்களும் கிரெய்க்ஸ்லிஸ்ட், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் விளம்பரங்களில் முன்கூட்டியே போய்விடும்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் கடை போட்டால் கூட்டம் தானாக வரும். டென்னஸி மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் 1987இல் பிறந்த ‘127 யார்டு சேல்’ இதற்குச் சாட்சி. நெடுஞ்சாலையில் பறக்கும் கார்களைச் சிற்றூர்கள் பக்கம் திருப்பத் தொடங்கிய அந்த முயற்சி, இன்று மிச்சிகனிலிருந்து அலபாமா வரை ஆறு மாநிலங்களில், 690 மைல் நீளத்துக்கு, ஆகஸ்டில் நான்கு நாள் நடக்கிறது.

வந்தவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தரையில் பெட்டிக்குள் கிடப்பதைக் குனிந்து கிளறப் பலருக்கு முதுகு இடம் கொடுக்காது. இடுப்பு உயர மேசையே நல்லது. உடைகளை மடித்துக் குவிக்காமல் கம்பியில் மாட்டினால் அளவு பார்ப்பது சுலபம். மேசை விளக்கைத் தூசி துடைத்து, பல்பு போட்டு, நீட்டிப்பு வயரில் எரியவிட்டு வைத்தால் ‘வேலை செய்யுமா?’ என்ற கேள்வியே எழாது. புதிர் அட்டைப் பெட்டியில் ‘துண்டுகள் எல்லாம் இருக்கின்றன’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் வாங்குபவருக்குத் தயக்கம் போய்விடும்.

விலைச் சீட்டு அவசியம். கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. விலையை 25 சென்ட்டின் மடங்குகளில் வைத்தால் சில்லறைத் தொல்லை குறையும். பேரம் நிச்சயம் வரும் என்பதால் கொஞ்சம் கூட்டியே எழுதலாம்.

குழந்தைப் பொருள்களில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பக்கச் சட்டம் இறங்கும் தொட்டில்கள் 2011 முதல் அங்கே விற்கத் தடை செய்யப்பட்டவை. கார் இருக்கைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. பாதுகாப்புக் குறையால் நிறுவனம் திரும்பப் பெற்ற எதையும், வீட்டு வாசலில்கூட, விற்கக் கூடாது என்பது சட்டம்.

மதியத்துக்கு மேல் பலர் பாதி விலைப் பலகையை மாட்டிவிடுகிறார்கள். அதற்கும் போகாதவை மறுபடி பரணுக்கு ஏறாமல், அன்று மாலையே குட்வில் போன்ற நன்கொடைக் கடைகளுக்குப் போகின்றன.