செத்த கிருமி கொல்வது எவ்வாறு?

செத்த பாம்பைக் கண்டு அஞ்சுவாரில்லை. ஆயின், செத்த கிருமியும் கொல்லும் என்பதை 1892ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் றிச்சாட் பைஃபர் எடுத்துக்காட்டினார். பேர்லினில் றொபேட் கொக்கின் ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய அவர், வாந்திபேதிக் கிருமிகளை வெப்பத்தாற் கொன்று கினிப்பன்றிகளின் உடலிற் செலுத்தினார். உயிரற்ற அக்கிருமிகள் அப்பிராணிகளை மாய்த்தன. கிருமி வெளியே உமிழும் நஞ்சன்று இது. அதன் உடலோடு ஒன்றிய நஞ்சு. ஆதலின் ‘உள்நஞ்சு’ எனப் பெயர் பெற்றது.

கொழுப்பும் வெல்லச் சங்கிலியும் பிணைந்த ஒரு மூலக்கூறே அது என இரசாயன அறிஞர் பின்னர் தெளிந்தனர். பலவகைப் பற்றீரியாக்களின் புறமென்சவ்வில் அது செறிந்துள்ளது. வியப்பு யாதெனில், நாகத்தின் நஞ்சு நரம்பைத் தாக்குவது போல இது நம் கலங்களை நேரே அழிப்பதில்லை. அங்ஙனமாயின் உயிர் போவது எதனால்? நூறாண்டுக்கு மேலாக விடையின்றி நின்ற இவ்வினாவே என்னை இவ்விடயத்தின்பால் ஈர்த்தது.

நான் பயின்ற காலத்துப் பாடநூல்கள், நிர்ப்பீடனம் என்றவுடன் பிறபொருளெதிரிகளைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசின. அவை திரண்டெழப் பல நாட்கள் வேண்டுமே! வாய்ப்பான சூழலிற் சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அதுவரை வாயிலைக் காப்பவர் யார்? பிறவியிலேயே அமைந்த காவல் ஒன்று இருத்தல் வேண்டும் என்றும், கிருமிகளுக்கே உரிய பொதுப் பொருள்களை அது இனங்காண வேண்டும் என்றும் யேல் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் ஜேன்வே 1989இல் வாதித்தார். அன்று அது வெறும் ஊகம்.

ஊகத்துக்கு வலுவூட்டியது ஓர் ஈ. பழ ஈயின் முளையம் உருப்பெறுவதை ஆராய்ந்த கிறிஸ்ரியானே நுஸ்லைன்-வொல்காட் அம்மையார், விகாரமுற்ற முளையமொன்றைக் கண்டு, ஜேர்மன் மொழியில் ‘அபாரம்!’ என்னும் பொருள்பட ‘தொல்!’ என்று வியந்தாராம். அதுவே அந்தப் பரம்பரையலகின் பெயராயிற்று. தமிழில் எழுதும்போது பழமை என்னும் பொருளும் தற்செயலாக வந்து பொருந்துகிறது. ஈக்கும் மனிதனுக்கும் பொதுவாய் நிலைத்த ஒன்றுக்கு இதனினும் ஏற்ற பெயரை நாமே தேடியிருந்தாலும் கண்டிருக்க மாட்டோம்.

1996இல் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஜூல்ஸ் ஹொஃப்மன் குழுவினர், இந்தத் தொல் குன்றிய ஈக்கள் பங்கசுத் தொற்றுக்கு இரையாவதைக் கண்டனர். மறு ஆண்டே ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஸிற்றோவும் அதனை ஒத்த பரம்பரையலகு மனிதரிலும் இருப்பதைக் காட்டினர். அது எதனை உணர்கிறது என்பது மட்டும் அப்போது புலப்படவில்லை.

அப்புதிரை அவிழ்த்தவை சுண்டெலிகள். அமெரிக்க ஆய்வுகூடங்களில் வளர்ந்த ஒரு சுண்டெலிக் குலம், ஏனையவற்றைக் கொல்லுமளவு உள்நஞ்சை ஏற்றினாலும் சாவதில்லை. பேறு பெற்றவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் உயிருள்ள சல்மனெல்லாக் கிருமிகள் மிகச் சில புகுந்தாலே அவை மடிந்தன! டலஸ் நகரிற் புரூஸ் பொய்ற்லர் 1993 முதல் இதன் காரணத்தைத் தேடினார். 1998இற் கண்டார். தொல்லை ஒத்த அதே பரம்பரையலகிற் பழுது. புரதத்தின் 712ஆம் இடத்தில் ஓர் அமினோவமிலம் மாறியிருந்தது. அவ்வளவே. காவலன் குருடானதால் நஞ்சும் தெரியவில்லை, பகையும் தெரியவில்லை.

மனிதரில் இது ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இதன் ஆணைப்படி அமையும் புரதம் 839 அமினோவமிலங்கள் கொண்டது. வெண்குழியங்களின் மேற்பரப்பில் நின்று, துணைப் புரதமொன்றின் உதவியோடு, உள்நஞ்சின் கொழுப்புப் பகுதியைப் பற்றுகிறது. உடனே கலத்தினுள் செய்தி பாய்கிறது. அழற்சியூட்டும் புரதங்கள் வெளிப்படுகின்றன. ஒரு விரற்காயத்தில் இது நிகழின் நன்மை. இரத்தம் முழுவதும் கிருமி பரவியபோது உடலெங்கும் ஒரே வேளையில் நிகழின், குருதிக் கலன்கள் கசிகின்றன, இரத்த அமுக்கம் வீழ்கிறது, உறுப்புக்கள் ஓய்கின்றன. செத்த கிருமி கொல்வதன் இரகசியம் இதுவே: கொல்வது நமது காவலனின் பதற்றம்.

2011இல் ஹொஃப்மனும் பொய்ற்லரும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். ஜேன்வே 2003இலேயே காலமாகிவிட்டார். மெட்ஸிற்றோவ் விடுபட்டது எனக்குக் குறையாகவே படுகிறது.

காவலனின் கையைக் கட்டினால் நோயாளி பிழைப்பாரா? இவ்வாங்கியை அடைக்கும் மருந்தொன்றைக் கடும் குருதித் தொற்றுடைய ஏறத்தாழ 2000 பேரிற் சோதித்தனர். 2013இல் முடிவு வெளிவந்தது, இறப்பு குறையவில்லை. நோயாளி மருத்துவமனையை அடையும்போது தீ கூரையைத் தாண்டிவிடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

காவலனை அடக்குவது கைகூடவில்லை. அளவாகத் தட்டியெழுப்புவது கைகூடியிருக்கிறது. உள்நஞ்சின் கொழுப்புப் பகுதியைச் சிறிது மாற்றி, கடுமையைத் தணித்து, தடுப்பூசிகளிற் சேர்க்கின்றனர். கொப்புளிப்பான் வைரசு முதுமையில் மீண்டெழுந்து உண்டாக்கும் அக்கி நோய்க்கு எதிராக 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசியில் அது உண்டு. அப்பொருளைப் பிரித்தெடுப்பதும் ஒரு சல்மனெல்லாக் கிருமியிலிருந்துதான்.