கணினிக்கும் பொருத்தம் பார்த்தல் வேண்டும்

திருமணம் பேசும்பொழுது பொருத்தம் பார்ப்பது எம்மவர் வழக்கம். பெண்ணும் நல்லவள், பிள்ளையும் நல்லவன், ஆயினும் குறிப்புகள் பொருந்தவேண்டும் என்பர் பெரியோர். சாதகப் பொருத்தத்தை நம்புவோரும் உளர், நம்பாதோரும் உளர். ஆனால் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டில் வைத்துப் பூட்டும் மேசைக் கணினிக்கு யாவரும் பொருத்தம் பார்த்தே ஆகவேண்டும். உறுப்புகள் ஒவ்வொன்றும் மிகச் சிறந்தவையாக இருந்தாலும், அவை ஒன்றோடொன்று பொருந்தாவிடின் கணினி இயங்காது.

எமது பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர் பலர் இத்தகைய கணினியொன்றை விரும்புகின்றனர். விளையாட்டு அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அதே கணினியில் காணொளி தொகுக்கலாம், இசை பதியலாம், முப்பரிமாணச் சித்திரம் வரையலாம். பிள்ளை கேட்பது வெறும் விளையாட்டுப் பொருள் என்று பெற்றோர் மறுப்பதும், பெற்றோருக்கு இது விளங்காது என்று பிள்ளை தானே இணையத்திற் பார்த்து முடிவு செய்வதும் பல வீடுகளில் நிகழ்கின்றன. செலவாவதோ இரவுவேலை செய்து சேமித்த பணம். ஆகவே இருவரும் ஒன்றாக இருந்து படிப்பதற்கென்றே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் எவ்வாறு பொருந்துகின்றன? 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் அமைப்பு விபரங்கள் வெளிப்படையாக இருந்தமையால் ஏனைய நிறுவனங்களும் அதற்கு ஏற்ற உறுப்புகளைச் செய்யத் தொடங்கின. 1995இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. ஆணித்துளை எங்கே வரவேண்டும், பலகை எவ்வளவு நீளம் என்பனவெல்லாம் அதில் அடங்கும். இன்றும் பெரும்பாலான மேசைக் கணினிகள் அம்முறையையே பின்பற்றுகின்றன.

இனி, பார்க்கவேண்டிய பொருத்தங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. நோக்கப் பொருத்தம்

எதற்காகக் கணினி என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். விளையாட்டே முதன்மையெனின் பணத்தின் பெரும்பகுதி கிராபிக்ஸ் காட் எனப்படும் வரைகலை அட்டைக்குச் செல்லும். காணொளி தொகுத்தலும் முப்பரிமாண வேலையும் முதன்மையெனின், கருக்கள் கூடிய செயலியும் 32 கிகாபைற் நினைவகமும் பயன்தரும். திரையையும் மறத்தலாகாது. பழைய சாதாரணத் திரையோடு விலைமிகுந்த அட்டையை இணைத்தால் அதன் ஆற்றலிற் பெரும்பகுதி வீணாகும்.

2. செயலியும் தாய்ப்பலகையும்

செயலி கணினியின் மூளை. மதர்போட் எனப்படும் தாய்ப்பலகை எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தளம். தாய்ப்பலகையில் செயலி அமரும் இடத்தைச் சொக்கற் என்பர். ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் ஏ.எம்.5 என்னும் சொக்கற்றை அறிமுகம் செய்தது; அதற்கு முந்தியது ஏ.எம்.4. இன்ரெலின் எல்.ஜி.ஏ. 1700 வந்தது 2021இல்; எல்.ஜி.ஏ. 1851 வந்தது 2024இல். ஒன்றுக்குரிய செயலி மற்றொன்றில் அமராது. சொக்கற் ஒன்றாயினும், பலகைக்குப் பின் வெளிவந்த செயலியாயின், பலகையிலுள்ள பயோஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க நேரிடலாம். பலகை ஏற்கும் செயலிகளின் பட்டியலை அதனைச் செய்தோர் வெளியிட்டிருப்பர். வாங்குமுன் அதனைப் பார்க்க வேண்டும்.

3. நினைவகமும் சேமிப்பகமும்

நினைவகத்தில் டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என இரு தலைமுறைகள் இன்று வழக்கிலுள்ளன. இரண்டிலும் 288 தொடுமுனைகளே உள. ஆனால் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் உள்ளது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகக்கூடாது என்பதற்கே அவ்வெட்டு. ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர். 5 நினைவகத்தையே ஏற்கும். எல்.ஜி.ஏ. 1700 பலகைகளில் சில டி.டி.ஆர். 4 வகையையும் சில டி.டி.ஆர். 5 வகையையும் ஏற்பன.

எம். 2 எனப்படும் மெல்லிய சேமிப்பகத்தில் 2280 என்று எழுதியிருப்பின், அகலம் 22 மில்லிமீற்றர், நீளம் 80 மில்லிமீற்றர் என்பது பொருள். தோற்றம் ஒன்றாயினும் என்.வி.எம்.இ., சாற்றா என இருவகையுண்டு. பலகையிலுள்ள இடம் எவ்வகையை ஏற்கும் என்பதைக் கையேட்டிற் பார்க்க வேண்டும்.

4. வரைகலை அட்டையும் பெட்டியும்

இங்கு வேண்டியது அளவுகோல். ஏ.ரி.எக்ஸ். பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. மினி ஐ.ரி.எக்ஸ். பலகையோ 170 மில்லிமீற்றர்ச் சதுரம். வரைகலை அட்டைகளுட் சில 300 மில்லிமீற்றருக்கும் மேல் நீண்டவை. எவ்வளவு நீளமான அட்டை நுழையும், செயலியைக் குளிர்விக்கும் விசிறி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பன பெட்டியின் விபரத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே வாங்க வேண்டும்.

இன்ரெல் செயலியின் எண்ணுக்குப் பின் எஃப் என்ற எழுத்து இருந்தால், அதனுள் வரைகலைப் பகுதி இயங்காது; தனி அட்டை இன்றித் திரையில் எதுவும் தோன்றாது. அட்டை பூட்டியபின் திரையின் வடத்தை அந்த அட்டையிலேயே செருக வேண்டும், தாய்ப்பலகையில் அன்று.

5. மின்வலுப் பொருத்தம்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி எம்மவர் வானொலி கேட்டனர். தைனமோ எவ்வளவு தரும், வானொலி எவ்வளவு ஏற்கும் என்ற கணக்கை அக்காலச் சிறுவரும் அறிந்திருந்தனர். கணினிக்கும் அதே கணக்குத்தான்.

ஏ.எம்.டி. றைசன் 5 7600 செயலிக்குக் குறிக்கப்பட்ட வலு 65 வாற்று. வேலைப்பழு கூடும்பொழுது அதனிலும் அதிகம் எடுக்கும். என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 4060 அட்டை 115 வாற்று எடுக்கும்; அதற்கு 550 வாற்று மின்வழங்கியை அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆர்.ரி.எக்ஸ். 4090 அட்டையோ தனியே 450 வாற்று எடுப்பது. அதற்கு 850 வாற்று மின்வழங்கி வேண்டும். மின்வழங்கியில் மட்டும் மலிவு பார்த்தலாகாது. அது பழுதானால் மற்றைய உறுப்புகளையும் கெடுக்கலாம்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஒரு மின்வழங்கியின் கழற்றக்கூடிய வடங்களை வேறொன்றிற் செருகக்கூடாது. முனை ஒன்றுபோலத் தோன்றினும் உள்ளிணைப்பு மாறுபட்டு உறுப்புகள் எரிந்துபோகலாம். மின்வழங்கியின் கூட்டை ஒருபோதும் திறக்கக்கூடாது. இணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளே ஆபத்தான மின் தேங்கியிருக்கும். மூன்றாவது வீட்டுக்குரியது. இந்நாட்டுச் செருகி 13 அம்பியர் வரை தாங்கும். 230 வோல்ற்றில் அது 2990 வாற்று. குளிர்காலத்தில் ஒரே நீட்சிப் பலகையில் கணினியையும் மின்சூடேற்றியையும் செருகினால் இவ்வெல்லையைத் தாண்டித் தீவிபத்து நேரலாம்.

வாங்கும் முறை

ஒரு காலத்தில் இலண்டன் ரொட்டன்ஹாம் கோட் வீதியில் இலத்திரனியற் கடைகள் வரிசையாக இருந்தன. கடைக்காரரைக் கேட்டு வாங்கலாம். இன்று அக்கடைகளிற் பெரும்பாலானவை இல்லை. இணையத்தில் வாங்கும் நாமே பொருத்தமும் பார்க்க வேண்டும்.

மாதத்துக்கு ஓர் உறுப்பாக வாங்கிச் சேர்ப்பது இலகுவாகத் தோன்றும். ஆனால் அது நல்லதன்று. கடையொன்றிலிருந்து இணையவழி வாங்கிய பொருளைப் பெற்ற 14 நாட்களுக்குள் கொள்வனவை இரத்துச் செய்யலாம். பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக்கொடுத்துப் பணத்தை முழுவதும் பெற 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஆறாம் மாதத்திலேதான் எல்லாவற்றையும் பூட்டி இயக்கிப் பார்ப்போமாயின், முதல் மாதம் வாங்கியதற்கு இவ்விரு தவணைகளும் முடிந்திருக்கும். பணத்தை மாதந்தோறும் சேமித்து, உறுப்புகளை ஒருங்கே வாங்கி, உடனே பூட்டிப் பார்ப்பதே முறை. தனியாரிடம் பழைய பொருள் வாங்கினால் இவ்வுரிமைகள் பொருந்தா. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்தது. மிகப் பழைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மலிவென்று பழையதை வாங்குவோர் இதனை மனங்கொள்க.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வெம்பிளிக்கு அண்மையிலுள்ள டொலிஸ் ஹில் என்னுமிடத்தில், தபாற் திணைக்களத்தின் ஆய்வுநிலையத்தில், 1943இல் ரொமி பிளவர்ஸ் என்னும் பொறியியலாளரின் குழு கொலோசஸ் என்ற கணிபொறியை உருவாக்கியது. அவர் கிழக்கு இலண்டனில் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். பகலிற் தொழில் பழகி, மாலை வகுப்பிற் படித்தவர். தொலைபேசி நிலையங்களுக்குரிய உறுப்புகளையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிடக் குழாய்களையும் ஒன்றோடொன்று இசைய வைத்தமையே அவருடைய திறமை.

ஆகவே, பிள்ளைகளே, வேண்டிய உறுப்புகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் சொக்கற், நினைவக வகை, நீளம், வாற்று, விலை ஆகியவற்றைக் குறியுங்கள். பின்னர் அம்மா, அப்பாவின் அருகில் இருந்து, ஏன் இதனைத் தெரிந்தீர்கள் என்பதைத் தமிழில் விளக்குங்கள். பெற்றோர்களே, விளங்கும்வரை கேள்வி கேளுங்கள். விளங்கிய பின்னர் பணத்தைக் கொடுங்கள். தாளிலே பொருந்தாதது பெட்டியிலும் பொருந்தாது.