கம்பியில்லா வானிலைக் கருவி: அமைக்கும் முறையும் பயன்கொள்ளும் முறையும்

சென்ற ஐப்பசியில் என் சரகத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். அன்று விடியற்காலையில் அங்கத்தினர் மூவர் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி ஏற்றியிருந்தனர். எட்டு மணிக்குள் திடீரெனப் பெய்த மழையில் மூன்று பாவுகளும் நனைந்தன. கஞ்சி கரைந்தது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கலாயின. மூன்று குடும்பங்களின் பல நாள் கூலி அந்த அரை மணி நேரத்தில் போயிற்று.

அச்சங்கத்தில் ஒரு மாதத்திற்கு முன்புதான் கம்பியில்லா வானிலைக் கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தனர். அன்று காலை ஆறு மணிக்கு அதன் திரையில் சூரியப் படம் தோன்றியது. அதை நம்பியே பாவை நீட்டினார்கள். "பொய் சொல்லும் கருவிக்குச் சங்கப் பணத்தைச் செலவிட்டோம்" என்று அங்கத்தினர்கள் வருந்தினர். கருவி பொய் சொல்லவில்லை. அது சொல்ல இயலாத ஒன்றை நாம் அதனிடம் கேட்டோம் என்பதே உண்மை. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் உறுப்புகள்

இக்கருவி இரண்டு பகுதிகளைக் கொண்டது. வெளியே நிறுத்தப்படும் பகுதியில் வெப்பமானி, ஈரப்பதமானி, மழைமானி, காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டும் கருவிகள் ஆகியவை இருக்கும். இவை எடுக்கும் அளவுகள் வானொலி அலை மூலம் வீட்டினுள் உள்ள திரைப் பெட்டிக்கு வந்து சேரும். காற்றழுத்தமானி பெரும்பாலும் திரைப் பெட்டியிலேயே அமைந்திருக்கும். காற்றின் அழுத்தம் வீட்டிற்குள்ளும் வெளியிலும் ஒன்றேயாதலால் அதனால் குறைவில்லை.

வாங்கும்போது அலைவரிசையைக் கவனித்தல் வேண்டும். நம் நாட்டில் இத்தகைய சிறு கருவிகளுக்கு 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ், 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் ஆகிய வரிசைகளில் தனி உரிமம் வேண்டுவதில்லை. அயல்நாட்டுக்கென்று செய்யப்பட்ட 915 மெகாஹெர்ட்ஸ் கருவி இவற்றுள் அடங்காது. தயாரிப்பாளர் நூறு மீட்டர் தூரம் எட்டும் என்று சொன்னால், அது இடையில் தடையில்லாத வெட்டவெளிக்குப் பொருந்தும் கணக்கு. கற்சுவரும் தகரக் கூரையும் அத்தூரத்தைப் பெரிதும் குறைத்துவிடும்.

நிறுத்தும் இடம்

மேற்சொன்ன சங்கத்தில் வெளிப்பகுதியை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் தகரக் கூரைக்கும் இடையே கட்டியிருந்தனர். தளத்தின் அனல் வெப்பமானியைத் தாக்கியது. தொட்டி மழையை மறைத்தது. காற்றோ சுழன்று வீசியது. இவ்வாறு நிறுத்தினால் எத்துணை விலையுயர்ந்த கருவியாயினும் பயனில்லை.

வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நேர் வெயில் படாத வெண்ணிறக் கூட்டினுள், காற்றோட்டத்துடன் இருத்தல் வேண்டும். மழைமானியின் வாய் சிறிதும் சாயாமல் சமமாக அமைதல் வேண்டும். அருகிலுள்ள மரமோ சுவரோ எத்தனை உயரமோ, அதற்கு இரு மடங்கு தூரமேனும் தள்ளி நிறுத்துவது நன்று. காற்றின் வேகத்தை அளக்க வானிலைத் துறையார் பத்து மீட்டர் உயரக் கம்பத்தைக் கொள்கின்றனர். நம் கருவியில் எல்லாம் ஒரே தண்டில் இருப்பதால் ஏதேனும் ஒன்றில் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் மழையும் ஈரப்பதமுமே முதன்மையாதலால், திறந்த வெளியில் இரண்டு மீட்டர்த் தண்டில் நிறுத்தி, ஆடுமாடு அண்டாதபடி வேலியிடுவதே தக்கது. காற்றின் வேகம் சிறிது குறைத்துக் காட்டப்படும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

தண்டை நட்டபின் திசைகாட்டி கொண்டு வடக்கைக் கண்டு, கருவியில் வடக்கு எனக் குறித்த பக்கத்தை அத்திசைக்குத் திருப்புக. இரும்புத் தண்டின் அருகில் திசைகாட்டி பிழை காட்டுமாதலால், சில அடி விலகி நின்று திசையைக் காண்க. முதன்முறை மின்கலம் இடுங்கால் இரு பகுதிகளையும் ஒரே மேசை மேல் வைத்து, அளவுகள் திரையில் தோன்றுகின்றனவா என்று பார்த்த பின்னரே வெளியே கொண்டு செல்க. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் கலந்து இடலாகாது.

சரிபார்க்கும் முறை

நியாயத் தராசாயினும் முத்திரையிட்டுச் சோதித்த பின்னரே நம் சங்கங்களில் உபயோகிக்கிறோம். இக்கருவிக்கும் அதே விதி பொருந்தும்.

மழைமானியின் வாய்ப் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கணக்கிட்டுப் பத்தால் வகுத்தால், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை கன சென்டிமீட்டர் நீர் என்பது கிடைக்கும். உதாரணமாக, வட்டமான வாயின் விட்டம் 16 சென்டிமீட்டராயின் பரப்பு ஏறத்தாழ 200. ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 20 கன சென்டிமீட்டர். அடியில் ஊசித் துளையிட்ட குவளையில் 200 கன சென்டிமீட்டர் நீரை ஊற்றி, அரை மணி நேரம் மெல்லச் சொட்டவிடுக. திரை 10 மில்லிமீட்டரை ஒட்டிக் காட்டினால் கருவி சரி. ஒரேயடியாக ஊற்றினால் உள்ளிருக்கும் சிறு வாளி நீரைத் தவறவிட்டுக் குறைத்துக் காட்டும்.

ஈரப்பதமானிக்கு நம் சமையல் உப்பே போதும். ஒரு சிறு மூடியில் உப்பை இட்டு, சேறுபோல் குழையுமளவு மட்டும் நீர் சேர்த்து, ஈரப்பதமானி உள்ள பகுதியுடன் காற்றுப் புகாத பெட்டியில் ஓர் இரவு முழுவதும் மூடி வைக்க. உப்பு நீர் கருவியின் மேல் படலாகாது. பெட்டிக்குள் ஈரப்பதம் நூற்றுக்கு 75 ஆகும். திரை 70 காட்டினால், அக்கருவி ஐந்து குறைவாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்க.

காற்றழுத்தமானிக்கு ஊரின் உயரத்தைக் கணக்கிட வேண்டும். கடல் மட்டத்திற்கு மேல் 250 மீட்டர் உயரமுள்ள ஊரில் அழுத்தம் ஏறத்தாழ 28 ஹெக்டோபாஸ்கல் குறைவாயிருக்கும். அருகிலுள்ள வானிலை ஆய்வு நிலையம் காலை 8.30 மணிக்கு வெளியிடும் கடல் மட்ட அழுத்தத்தைக் கொண்டு ஒருமுறை திருத்தி வைத்தால் போதும்.

சூரியப் படம் ஏன் ஏமாற்றியது?

திரையில் தோன்றும் சூரியனும் மேகமும் வானிலை ஆய்வு மையம் அனுப்பும் செய்தி அல்ல. அழுத்தம் ஏறினால் சூரியன், இறங்கினால் மேகம் என்ற ஒரே விதியின்படி பெட்டியே அப்படத்தை இடுகிறது. அவ்விதி ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளுக்கு ஓரளவு பொருந்தும். நம்முடையதோ வெப்ப மண்டலம். இங்கு மழை வரினும் வராவிடினும் அழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும்: விடியற்காலை நான்கு மணியளவில் தாழ்ந்து, காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் மீண்டும் தாழ்ந்து, இரவு பத்து மணியளவில் மீண்டும் உயரும். அன்று காலை ஆறு மணிக்குக் கருவி கண்டது இந்த அன்றாட ஏற்றத்தையே. அதை நல்ல வானிலை என்று கொண்டு சூரியனைக் காட்டிற்று. தெருவில் பாவு நீட்டும் வேளையும் அந்த ஏற்றத்தின் வேளையும் ஒன்றாக வாய்த்ததே துன்பத்திற்குக் காரணம்.

ஆகவே படத்தை மறந்து எண்ணைப் பார்க்க. இன்று காலை பத்து மணி அழுத்தத்தை நேற்றுக் காலை பத்து மணி அழுத்தத்துடன் ஒப்பிடுக. ஒரே வேளையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால், கடலில் தாழ்வு நிலை நெருங்குகிறதோ என்று ஐயுற இடமுண்டு. உடனே சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைக் கேட்டறிக. நாளைய மழையை அறிய அந்த அறிக்கையே துணை. நம் ஊரில் இன்று உள்ள நிலையை அறிய நம் கருவி துணை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்கலாகாது.

பயன்கள்

நெசவாளர்க்கு முதற்பயன் ஈரப்பதம். பருத்தி நூல் ஈரம் குறைந்தால் வலுவிழந்து முறுகும்; பாவிழைகள் அடிக்கடி அறும். நூலைத் தரையை ஒட்டி ஈரக்காற்றில் வைத்திருப்பது குழித்தறியின் ஒரு நன்மை என்பதை முன்னோர் பழக்கத்தால் அறிந்திருந்தனர். திரைப் பெட்டியைத் தறிக்கூடத்தில் வைத்தால் உள் ஈரப்பதத்தை நாள் முழுவதும் காணலாம். கோடையில் ஈரப்பதம் 60க்குக் கீழே இறங்குங்கால் தரையில் நீர் தெளித்தும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும் உயர்த்துக. அது மிகவும் ஏறிவிட்டால் கஞ்சி இளகும், பூஞ்சணமும் பிடிக்கும். அப்போது சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருக.

விவசாயிகளுக்கு முதற்பயன் மழைக் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். இரவில் 12 மில்லிமீட்டர் பெய்திருந்தால் ஏக்கருக்கு 48,000 லிட்டருக்கு மேல் நீர் வந்துவிட்டது. "நேற்று நல்ல மழை" என்று வாயால் சொல்வதைவிட இக்கணக்கைக் கண்டு மோட்டாரை நிறுத்துவது மேல். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசுங்கால் மருந்து தெளித்தலாகாது. மருந்து அடுத்த வயலுக்கும் தெளிப்பவர் முகத்திற்கும் போகும். ஈரப்பதம் ஓயாது மிகுந்திருக்கும் நாட்களில் நிலக்கடலையைக் களத்தில் குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. 2016ஆம் ஆண்டு முதல் நடைபெறும் வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், இழப்பீடு அறிவிக்கப்பட்ட நிலையங்களின் அளவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. நம் கருவியின் அளவைக் காட்டித் தொகை கோர இயலாது. ஆயினும் ஒழுங்காக எழுதிய பதிவேடு நம் ஊரின் நிலையை அதிகாரிகளிடம் எடுத்துரைக்கப் பக்கபலமாகும்.

பதிவேடு

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேர மழையையும் அப்போதைய அளவுகளையும் ஒருவர் எழுதிவைத்தல் வேண்டும். வானிலைத் துறையாரும் அதே வேளையைக் கொள்வதால் ஒப்பிட எளிது. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே மழை நாள் என்பர். மாதம் ஒருமுறை மழைமானியில் அடைந்த இலை, தூசி, சிலந்தி வலை ஆகியவற்றை நீக்குக. மேகம் கொட்டித் தீர்த்த நாளில் கருவி சுழியம் காட்டினால், ஓர் இலை அடைத்திருக்கக்கூடும்.

வீட்டுக்கொரு கருவி வேண்டுவதில்லை. சங்கத்திற்கு ஒன்று போதும். வாங்கும் முன் பேரவையில் வைத்துத் தீர்மானம் செய்க. யார் எழுதுவது, யார் துடைப்பது என்பதையும் அத்தீர்மானத்திலேயே குறித்துவிடுக. பொறுப்பாளர் இல்லாத பொதுப் பொருள் ஆறு மாதத்தில் குப்பையாகும் என்பதை என் ஆய்வுகளில் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் முதலிற் குறிப்பிட்ட சங்கத்தார் கருவியை விற்றுவிடவில்லை. வெளிப்பகுதியைப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வெற்றிடத்திற்கு மாற்றினர். திரையில் படம் தோன்றும் பாகத்தின் மேல் காகிதம் ஒட்டி மறைத்தனர். பாவு நீட்டும் நாட்களில் முதல் நாள் மாலையே வானிலை அறிக்கையைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதிவைக்கின்றனர். நனைந்த மூன்று பாவுகளுக்கும் சங்கம் நூல் கடன் அளித்தது. அக்கடனை அடைக்கும் வரையிலேனும் இன்னொரு பாவு நனையலாகாது என்பது அங்குள்ளோர் கவலை. நம் எல்லோருடைய கவலையும் அதுவே ஆகுக.