குப்பைக்குப் போன நாற்காலிக்குப் பல லட்சம் ரூபாய்!

சண்டிகர் நகரத்து அரசாங்க அலுவலகங்களில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வேலை பார்த்த நாற்காலி அது. நாளாக ஆக, கை உடைந்தது, பிரம்பு அறுந்தது. "இனி உதவாது" என்று மொட்டை மாடியில் தூக்கிப் போட்டார்கள். பிறகு பழைய சாமானோடு சாமானாக ஏலம் விட்டார்கள்.

அதே நாற்காலி கடல் கடந்து போயிற்று. வெளிநாட்டு ஏலங்களில் பல லட்சம் ரூபாய்க்கு விலை போயிற்று!

அப்படி என்ன இருக்கிறது அதில்?

புதிய தலைநகரம்

1947-ல் நாடு பிரிந்தது. பஞ்சாபின் தலைநகரமான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்கு என்று ஒரு புதிய நகரத்தையே கட்ட முடிவு செய்தார்கள். அதுதான் சண்டிகர்.

நகரத்துக்குத் திட்டம் வகுத்தவர் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்புசியே. அவருக்குத் துணையாக 1951-ல் வந்தவர் அவருடைய உறவினர் பியர் ஜானரே.

கட்டடங்கள் எழுந்தன. ஆனால் உள்ளே உட்கார நாற்காலி வேண்டாமா? தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், கல்லூரி, நூலகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் தேவை. பணமோ குறைவு.

எளிய யோசனை

ஜானரேயும் அவருடன் வேலை செய்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் யோசித்தார்கள். யூலி சௌத்ரி என்ற பெண்மணியும் அவர்களில் ஒருவர்.

தேக்கு மரத்தை எடுத்துக்கொண்டார்கள். அது ஈரத்தைத் தாங்கும்; கரையான் லேசில் அரிக்காது. உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல். காற்று நுழையும், கோடையில் முதுகு வேர்க்காது. பள்ளிப் பிள்ளைகள் வட்டம் போடும் காம்பஸை விரித்து வைத்தது போலக் கால்கள். உள்ளூர்த் தச்சர்களே அறுத்து, இழைத்து, பூட்டினார்கள்.

ஜானரே 1965 வரை சண்டிகரிலேயே வாழ்ந்தார். 1967-ல் காலமானார். அவர் விரும்பியபடியே, அவருடைய அஸ்தி அந்நகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

கண் திறந்தது!

நாற்காலிகள் கப்பலேறிய பிறகே அவற்றின் அருமை தெரிந்தது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம், 'இவற்றை விற்கக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது' என்று உத்தரவிட்டது. அதற்குள் எவ்வளவோ போய்விட்டன.

எந்த அலுவலகத்து நாற்காலி, என்ன எண் என்று பின்புறம் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அன்று அது களவு போகாமல் இருக்க எழுதியது. இன்று அதுவே 'அசல் சரக்கு' என்பதற்கு அடையாளம்!

இப்போது பழைய நாற்காலிக்குப் புதிய பிறவியும் வந்திருக்கிறது. இத்தாலியின் காசினா நிறுவனம் 2019-ல் ஜானரேயின் நினைவாக ஒரு நாற்காலி வரிசையை வெளியிட்டது. பெங்களூரின் பேண்டம் ஹேண்ட்ஸ் நிறுவனமும் கைவினைஞர்களைக் கொண்டு அதே பாணியில் செய்கிறது. சிக்கனத்துக்காகச் செய்த நாற்காலி, இன்று செல்வர் வீட்டு வரவேற்பறையில்!

நாற்காலியின் விலை எட்டாமல் போகலாம். யோசனைக்கு விலை இல்லை. நல்ல மரம், உள்ளூர்த் தச்சரின் கை, வெயிலுக்கு ஏற்ற பின்னல். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிரம்பு நாற்காலி ஏதாவது கிடக்கிறதா? பழைய சாமான் வாங்குகிறவரைக் கூப்பிடுவதற்கு முன், பிரம்பு பின்னுகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்!