நீரிருந்தும் வாடும் மலர்

பூஜாடியில் நீர் நிறைந்திருக்கும்போதே ரோஜாவின் கழுத்து வளைந்து தலை தொங்கிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். இதற்குக் காரணம் யாது? நீர் உண்டு, அது மலரை எட்டுவதில்லை. கொய்தவுடன் காம்பின் வெட்டுவாயில் காற்றுப் புகுந்து, மெல்லிய நீர்க்குழாய்களை அடைக்கிறது. பின்னர், தேங்கிய நீரில் பெருகும் பாக்டீரியாக்கள் எஞ்சிய வழியையும் மூடிவிடுகின்றன.

ஆகவே, காம்பின் அடியை நீருக்குள் அமிழ்த்தி வைத்தே ஓர் அங்குல அளவு நறுக்கிவிடுதல் வேண்டும். கத்தி கூரியதாயிருத்தல் அவசியம். மழுங்கிய கத்தரி குழாய்களை நசுக்கிவிடும். நீரில் மூழ்கும் இலைகள் அழுகிப் பாக்டீரியாக்களுக்கு உணவாகுமாதலால் அவற்றைக் களைய வேண்டும். நீரை நாள்தோறும் மாற்றுவோர்கூட ஜாடியைத் தேய்த்துக் கழுவ மறந்துவிடுகின்றனர். வழவழப்பான படலம் அதன் சுவரிலேயே தங்கிவிடுகிறது.

சர்க்கரை இட்டால் மலர் நெடுநாள் நிற்கும் என்பர். இது பாதி உண்மையே. அரும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும் சம்பங்கித் தண்டுக்குச் சர்க்கரை உணவாகிறது, பாக்டீரியாக்களுக்கோ விருந்தாகிறது! எலுமிச்சைச் சாறு சிறிது சேர்த்து நீரைப் புளிப்பாக்கினால் அவற்றின் பெருக்கம் தளரும். காம்பும் நீரை எளிதில் உறிஞ்சும்.

பூஜாடியைப் பழத்தட்டின் அருகே வைத்தலும் தவறு. கனியும் வாழைப்பழம் வெளியிடும் எதிலீன் வாயுவால் கார்னேஷன் இதழ்கள் உட்சுருண்டு வாடும். மூடிய கண்ணாடிக் கலங்கள் இரண்டில் கார்னேஷன் வைத்து, ஒன்றில் மட்டும் பழம் சேர்த்தால், மாணவர் சில நாட்களில் வேறுபாட்டைத் தாமே காண்பர். கடைமலருக்கு எதிலீனைத் தடுக்கும் வெள்ளி உப்புக் கரைசல் ஊட்டியிருத்தல் கூடும். ஆதலின் இச்சோதனைக்குத் தோட்டத்து மலரே தக்கது.